இருபத்தாறு அத்தியாயங்களுக்கு உயிரோடு

படத்தின் முடிவில் அவள் உப்பாகிப் போனாள்.
மருதானைத் தியேட்டரில் எனக்கு ஒன்பது வயது.
கதிரையில் ஏறி நின்று கைதட்டினேன்,
மதுராந்தி மாமி பாவாடையைப் பிடித்து இழுக்கும்வரை.

இப்போது அவளுக்கு நான்தான் குரல்.
கார்ட்டூனில் கன்னம் ஒட்டி, கோடுகள் குறைந்து
இருபத்தாறு அத்தியாயங்களுக்குத் திரும்பி வந்திருக்கிறாள்.
எப்படி வந்தாள் என்று எழுதியவர்கள் சொல்லவில்லை.
ஒரு மழை. ஒரு கட். கிரீடத்தோடு நிற்கிறாள்.

வெள்ளவத்தை, கடற்பக்கம், மூன்றாம் மாடி.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
ஏசியை நிறுத்தினால்தான் பதியலாம்.
பாணந்துறை ரயில் போய் முடியும்வரை
மாயராச்சியம் முழுக்க வாயைத் திறந்தபடி காத்திருக்கும்.

ஒன்பதாவதில் அவளுக்கு ஒரு மகளாம்,
படத்தில் இல்லாத பிள்ளை.
"செத்துப்போனீங்கள் என்றார்களே?"
ராணியின் வாய் மூன்று தரம்தான் அசைகிறது.
தாளில் உள்ள தமிழோ நிற்காமல் ஓடுகிறது:
கடலுக்குள் கரைந்து காத்திருந்தேன், கண்ணே.

கண்ணேயை வெட்டினேன். கடலை வெட்டினேன்.
உதடு மூடிய பிறகும் ஒரு சொல் வெளியே தொங்கியது.
எட்டாவது டேக்கில்
"இருந்தேன்" என்று மட்டும் சொன்னேன்.
அந்த நொடி பார்த்து யன்னல் அதிர்ந்தது. ரயில்.

இன்னொரு தரம் என்று கை காட்டினேன்.
ஹெட்போனைக் கழற்றாமலே திலின சொன்னான்:
"இருக்கட்டும் அக்கே.
பிள்ளைகள் இடி எண்டு நினைக்கும்."

திரையில்
மகள் இன்னும் நம்பவில்லை.