கூட்டத்துக்கு அவனும் வருகிறான்

கடிதம் சின்னதுதான்.
'தங்கள் மகன் ஜூன் ஒன்பதாம் தேதி
பதினெட்டு வயதை நிறைவு செய்கிறார்.
அத்துடன் பள்ளியும் விடுதியும் முடிகின்றன.
அடுத்த கட்டம் குறித்துப் பேச
பெற்றோர் மட்டும் வரவும்.'

மிளகு காயும் தார்ப்பாய் ஓரம் உட்கார்ந்து
நாலு தரம் படித்தேன்.
பத்து வருஷத்தில் முதல் தடவை
அவனுக்கு 'ஆர்' போட்டிருந்தார்கள்.
போட்ட கையோடு
பெற்றோர் மட்டும்.
மாப்பிள்ளை வேண்டாம், மாமனார் வந்தால்
தாலி கட்டிவிடலாம் என்பதுபோல.

பிரிட்டோவைக் கூட்டிக்கொண்டுதான் இறங்கினேன்.
கொண்டை ஊசி வளைவு இருபதும் அவனுக்கு மனப்பாடம்.
பலகை கண்ணில் படும் முன்பே எண்ணிவிடுவான்,
சத்தமாக,
ஜன்னலில் வாந்தி எடுப்பவர்களுக்கும் சேர்த்து.
பதினெட்டு வந்தபோது அவன் வாயைப் பார்த்தேன்.
அவனுக்கு அது பத்தொன்பதுக்கு அடுத்தது, அவ்வளவுதான்.
பஸ் திரும்பியது.
கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு
பிஸ்கட் உறையை நக்கிக்கொண்டிருந்தது.

அஸ்தம்பட்டியில் பள்ளி வாசலிலேயே கேள்வி:
"இவனை எதுக்கும்மா கூட்டிட்டு வந்தீங்க?"
"இவனப் பத்தித்தானே பேசப் போறீங்க."

பெயர். சதவீதம். அட்டை எண்.
தந்தையின் மாத வருமானம் -
திருப்பூரில் இருக்கும் அந்தத் தொகை எனக்குத் தெரியாது,
கோடு இழுத்தேன்.
'பெற்றோருக்குப் பின் காப்பாளர்'
என்ற கட்டத்தை யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை.
பேனா அதன்மேல் கொஞ்சம் நின்றுவிட்டு
அடுத்ததற்குப் போனது.

மெழுகுவத்தி செய்யலாம் என்றார்கள்.
இங்கே எல்லாப் பிள்ளைக்கும் மெழுகுவத்திதான்.
ஊரில் கரண்ட் போவதே குறைந்துவிட்டது,
யார் வாங்குவது?

"அவன் என்ன சொல்றான்னு எழுத
எந்தக் கட்டம் மேடம்?"

முதல்வர் தாளைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
கணக்கர்தான், பாவம், ஸ்கேல் எடுத்து
அடியில் ஒரு கட்டம் வரைந்து
'விருப்பம்' என்று எழுதினார்.

அவன் பேச நேரம் பிடிக்கும்,
ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம்.
அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் அதிகாரியைப் பார்த்தேன்.

"டிக்கெட்," என்றான்.
"நான் வாங்கணும்."
"உனக்குத்தான் பாஸ் இருக்கே தம்பி."
இன்னொரு டம்ளர் ஆறியது.
"அம்மா இல்லாம."

மடியில் கைப்பையை
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்தேன்.
பேசட்டும் என்று கூட்டி வந்தவள் நான்.

'தனியாகப் பேருந்துப் பயணம். பயிற்சி ஆறு மாதம்.'
இதற்கெல்லாம் விதியில் இடமுண்டா என்றார் அதிகாரி.
முழுதாகத் தெரியாது, படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்,
ராத்திரியில், போனில்,
எழுத்தைப் பெரிதாக்கி.

கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.
அவனிடம் ஸ்டாம்ப் பேடை நகர்த்தினார்கள்.
அவன் பேனாவுக்குக் கை நீட்டினான்.
'பி' கட்டத்துக்குள் இருந்தது.
'டோ' போய்ச் சேர்ந்தபோது
தாள் முடிந்து மேசை வந்துவிட்டது.
யாரும் துடைக்கவில்லை.

சாயங்கால பஸ்ஸில்
எனக்கு இரண்டு சீட் முன்னால் போய் உட்கார்ந்தான்.
"யார் கூட வந்திருக்க?" என்றார் கண்டக்டர்.
திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன்.
சட்டைப் பையிலிருந்து கசங்கிய நூறு ரூபாய்:
"ஏற்காடு ஒண்ணு."
கண்டக்டர் என்னைப் பார்த்தார்.
நான் அடிவாரத்துப் பலாப்பழக் கடையைப் பார்த்தேன்.

ஒன்று, என்று ஆரம்பித்தான்.
மழை பிடித்தது. ஷட்டரை இறக்கினார்கள்,
பலகைகள் தெரியவில்லை,
அவன் குரல்தான் வழி.
பதினாலில் சத்தம் நின்றது.
தூங்கிவிட்டானா,
எழுந்துபோய்ப் பார்க்கலாமா.

முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
இன்னும் ஆறு.