ஒன்று-அ

மழைக்காலம். அம்பிளாந்துறைக்கு அப்பால்
கைவிட்டுப்போன நெல் ஆலைக்குள்
எனக்கொரு மேசை, ஒரு பெற்றோல்மக்ஸ்,
'ற' எழுத்து ஒட்டிக்கொள்ளும் தட்டச்சுப் பொறி.
சம்பளம் இல்லை. வீட்டுக்கு
மாதம் ஒரு மூட்டை அரிசி போனது.

மொழிபெயர்க்கத் தந்தது ஒரு ஜேர்மன்காரனின் சேவை வரலாறு.
ஆல்பிரெக்ட் ராய்னெக்.
நாக்கு சுளுக்காமலிருக்க
மனதுக்குள் அவனை ராசநாயகம் என்று கூப்பிட்டேன்.

முப்பத்துநாலில் கப்டன்.
பேர்லினில் இரண்டு வருடப் படிப்பு, விசேட சித்தி.
காற்சட்டையின் பக்கவாட்டில்
கருஞ்சிவப்புக் கோடு தைத்துக்கொள்ளும் தகுதி.
மகன் பிறந்ததும் போலந்து எல்லை கடந்ததும்
ஒரே வரியில், இடையில் ஒரு கொமா.
மறுகா மேஜர். டிவிசனின் ஒன்று-அ.
ஒன்று-அ என்றால் படத்தைப் பார்க்கிறவன்.
தளபதி நித்திரை கொள்ளும்போது
விழித்திருந்து பென்சில் சீவுகிறவன்.

கதிரொளி மண்ணெண்ணெய் கொண்டுவருவான்.
பத்தொன்பது வயது. கடுக்காமுனைப் பொடியன்.
"மாஸ்டர், இவர் எத்தினை பேரைச் சுட்டிருப்பார்?"
ஒருத்தரையும் இல்லை என்றேன்.
"மறுகா எப்படிக் கேணல் ஆனவர்?"
படத்தில கோடு கீறித்தான்.
அவன் சுவரைப் பார்த்தான். அங்கே
நில அளவைத் திணைக்களத்தின் தாள்கள் நாலு,
நான் பசை தடவி ஒட்டியவை,
வாவிக்கு நீலம், எங்களுக்குச் சிவப்பு.
"அப்ப உங்கட வேலைதான்" என்று சிரித்தான்.

நாற்பத்தொன்றில் ராசநாயகம் கிழக்கே போனான்.
அதற்குப் பிறகு பக்கத்துக்குப் பக்கம்
'இறந்தனர்' வந்துகொண்டே இருந்தது.
ஒவ்வொரு தடவையும் விசை உள்ளே போய் நின்றுவிடும்,
நகத்தால் கிளப்பி எடுக்க வேணும்.
இருபதாவது தடவைக்குப் பிறகு
'இழப்பு' என்று அடிக்கத் தொடங்கினேன்.
புள்ளி நூற்றுநாற்பத்தேழுக்கு அருகிலிருந்த கிராமத்தை
அவர்கள் அப்புறப்படுத்தினார்கள்.
நான் 'காலிசெய்தனர்' என்று போட்டேன்.
வேலை வேகமாக நடந்தது.

இருநூற்றுப் பதினேழாம் பக்கத்துக்கு மேல்
கறையான். பனி, ஒரு ஆறு,
கேணலாகப் பதவி உயர்வு, பிறகு மண்.
முடிவில்லாத தாளைக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது.
சிறைபிடிபட்டு, பத்து வருடம் கழித்து வீடு வந்து
பாடசாலையொன்றில் கணக்குப் படிப்பித்தார் என்று
நானே எழுதி முடித்தேன்.
கதிரொளி கடைசித் தாளை நின்றபடியே வாசித்தான்.
"நல்ல காலம்" என்றான்.

மூன்று கிழமைக்குப் பிறகு
தாண்டியடிக்கு மேற்கே நான் கீறிய வளைவின் நுனியில்
அவனை நிறுத்தினார்கள்.
இழப்பு: ஒன்று, என்று அடித்தேன்.
விசை எங்கும் ஒட்டவில்லை.

இப்போது பிரதேச செயலகத்தில், காணிப் பிரிவில்.
காற்றாடிக்குக் கீழே இரண்டாவது மேசை.
நேற்று ஒரு பெண் வந்தா. பெயர் பூமணிப்பிள்ளை,
ஊர் கூழாவடிச்சேனை.
"எங்கட ஊர் தெரியுமா சேர்?"
தெரியும். குளக்கட்டு எங்கே முறிகிறது,
வாய்க்கால் எந்த மூலையில் கோணுகிறது,
கோயிலடிக் கிணற்றுக்கும் வீதிக்கும்
எத்தனை யார் என்பதெல்லாம் தெரியும்.
ஒரு நாளும் போனதில்லை.

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி,
காணியைவிட்டு வெளியேறிய காரணம்.
"ஆரோ பென்சிலால எழுதின துண்டு ஒண்டு வந்திச்சு,
மூண்டு மணிக்குள்ள எழும்பச் சொல்லி.
மாட்டை அவிழ்த்துவிட நேரம் கிடைக்கல்ல.
மனிசன் அதுக்குத்தான் திரும்பிப் போனவர்."
பொலித்தீன் பையிலிருந்து எடுத்து நீட்டினா,
எட்டாக மடித்த அனுமதிப் பத்திரம்,
மடிப்பில் கிழிந்து,
வடக்கெல்லை எழுதியிருந்த இடம் ஓட்டை.

"மனிசனுக்கு என்ன எண்டு போடுவீங்க சேர்?"

விசைப்பலகையைப் பார்த்தபடி இருந்தேன்.
புதுக் கம்பியூட்டர்.
எல்லா எழுத்தும் நன்றாக வேலை செய்கிறது.