இரண்டு கோப்புகள்

டொரோன்டோவில் கண்ணாடிக்குப் பின்னிருந்தவர் கேட்டார்:
எத்தனை நாள்?
பன்னிரண்டு வாரம்.
யாரைப் பார்க்க?
தாவுனோவை.
அவர் உங்களுக்கு யார்?

நண்பர் என்றால் பொய்.
கணவர் என்றால், இவள் திரும்பமாட்டாள் என்று
அவர் பேனாவை மூடிவிடக்கூடும்.
குத்தாய்சி பதிவகத்தில் நாற்பது நிமிடத்தில் முடிந்த கல்யாணம்
நாக்கடியில் மாட்டிக்கொண்டது.
கேட்குமுன்பே
திரும்பிப் போகும் பயணச்சீட்டை நீட்டினேன்.
பிறகுதான் சொன்னேன், கணவர்.

நான் பல் செய்கிறவள்.
பயத்தில் மனிதர்களின் வாயைப் பார்ப்பேன்.
மேல்வரிசையில், இடப்பக்கம்,
அவருடைய செயற்கைப் பல் ஒன்று
மற்றவற்றோடு நிறம் சேரவில்லை.
யாரோ அவசரத்தில் செய்தது.
அவர் என் பையைக் கிளறி
சுர்ச்கேலாவைத் தூக்கிப் பிடித்தார்:
இதென்ன, மெழுகுவத்தியா?
நூலில் கோத்த வால்நட், திராட்சைப் பாகில் முக்கியது,
என் அக்கா காயவைத்தது என்றேன்.
முத்திரை விழுந்தது.

தண்டர் பேயில் மார்ச் மாதத்திலும் ஏரி கல்.
தானியக் கிடங்குகள் கரையோரம்
சாம்பல் நிறத்தில் வரிசையாய் நிற்கின்றன.
தாவுனோ அங்கே இரவுப் பணி முடித்து
கோதுமைத் தூசு படிந்த புருவங்களோடு வருகிறான்.
அவன் தூங்கும் பகலில்
நான் எங்களை அடுக்குகிறேன்.

சாப்பாட்டு மேசையில் இரண்டு கோப்புகள்.
நீலத்தில், நான் போய்விடுவேன் என்பதற்கான சாட்சி:
வேலைக் கடிதம், வாடகை ரசீது, அம்மாவின் மருத்துவச் சீட்டு.
பச்சையில், நான் இருந்துவிடுவேன் என்பதற்கு:
பணம் அனுப்பிய தாள்கள், விமானச்சீட்டுகள்,
இருபது படங்கள். அதற்கு மேல் வேண்டாமாம்.
இரண்டிலும் என் கையெழுத்து ஒன்றுதான்.
இரண்டும் உண்மைதான்.

படங்களில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.
பாலத்தின்மேல் சிரிப்பு, கேக்குக்கு முன்னால் சிரிப்பு.
ஜனவரியில் ஒன்பது நாள்
நாங்கள் பேசாமல் கிடந்ததை
யாரும் படமெடுக்கவில்லை.
நான்தான் கேட்டேன், ஏன் நானே வரவேண்டும்?
உன் கிடங்கு உனக்குப் பெரிது,
என் பதினொரு வருட மேசையும் விளக்கும்
மெழுகில் நான் செதுக்கிய ஆயிரம் கடைவாய்ப்பற்களும்
உன் ஊரில் வெறும் காகிதமா?
அவன் பதில் சொல்லவில்லை.
இன்றுவரை சொல்லவில்லை.
பச்சைக் கோப்பில் அதற்கு ஒரு பக்கம்கூட இல்லை.

அவன் தாய் ஹில்க்கா கடிதம் கொண்டுவந்தாள்.
மாமா என்று கூப்பிடு என்கிறாள்;
என் மொழியில் அது அப்பா.
இவர்கள் உறவு மெய் என்று எப்படித் தெரியும்,
எழுதித் தரவேண்டும்.
நாலே வரி, பென்சிலில்:
'என் மகன் கடிகாரம் பார்த்து வாழ்பவன் அல்ல.
இப்போது அடுப்புக்கு மேல் இரண்டு கடிகாரம் மாட்டியிருக்கிறான்.
ஒன்று எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது.
தப்பு நேரம் என்றேன், தொடாதே என்றான்.'

பென்சில் செல்லாது, மையில் எழுதவேண்டும் என்று
எனக்குத் தெரியும்.
சொல்ல வாய் வரவில்லை.

நான் இங்கே வந்து ஏழு வாரம் ஆகிறது.
அந்தக் கடிகாரம் இன்னும் ஓடுகிறது.
அங்கே இப்போது அக்கா விளக்கணைக்கும் நேரம்.
யாரும் அதைக் கழற்றவில்லை,
அவனும் இல்லை, நானும் இல்லை.

நேற்று பூட்ஸைத் துடைத்தபடி கேட்டான்,
இதை இங்கேயே விட்டுப் போகிறாயா?
அவன் வாங்கித் தந்த பனி பூட்ஸ்,
குத்தாய்சியில் யாருக்கும் தேவைப்படாதது.
எடுத்துப் போனால் நீலக் கோப்பு.
விட்டுப் போனால் பச்சை.

இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, யோசிப்போம் என்றேன்.
இரண்டையும் கதவோரம் வைத்தான்,
முனை வெளியே பார்க்க.
சற்று நின்றான்.
பிறகு ஒன்றை மட்டும் உள்பக்கம் திருப்பினான்.