ஆலை வாடை

லாபிஸில் எங்கள் செம்பனை ஆலை
இப்படி நாறும் என்று
இருபத்தாறு வருடம் எனக்குத் தெரியாது.
எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்து
லோரிகளின் கனத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்.
முகத்தில் மூக்கு இருந்தது,
மூக்குக் கண்ணாடியைத் தாங்க.

விட்ட ஒன்பதாம் நாள்
கழிவுக் குளத்திலிருந்து எழுந்து வந்து
நேராக அறைந்தது.
புளித்த எண்ணெய், ஊறிய குலை,
எப்போதோ செத்துப்போன ஏதோ ஒன்று.
வாய் கொப்பளித்துவிட்டு
குணாளனைக் கூப்பிட்டேன்:
"டேய், ஆலை நாறுதுடா."
சிரிப்பும் இருமலுமாய் அவன் சொன்னான்,
"வந்துருச்சா? எனக்கு முந்தாநாளே."

நாங்கள் நாலு பேர்.
டிராக்டர் ஓட்டும் குணாளன்.
டயர் கடை ஆ கியோங்,
அவன் தமிழில் கெட்ட வார்த்தைகள் மட்டும் பிழையில்லாமல் வரும்.
பிறகு சிவபாக்கியம் அக்கா.
பால்மரக் காட்டில் கொசுவுக்காகப் பற்றவைத்ததாம்.
"கொசு செத்துச்சா?" என்றான் கியோங்.
"அது பேரன் பேத்தி எடுத்துருச்சு" என்றாள்.

கிளினிக்கில் மிஸ்ஸி ரொஹானா
குழாய் ஒன்றை நீட்டி ஊதச் சொன்னாள்.
எனக்கு இருபத்தெட்டு.
அக்காவுக்கு முப்பத்தொன்று.
வகுப்பில் முதலாவதாக வந்தவளைப்போல
கைப்பையை இடுக்கிக்கொண்டு
எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.
அங்கேதான் பழகிக்கொண்டோம்.

கை தானாகச் சட்டைப்பைக்குப் போனால்
யாருக்காவது போன் அடிக்க வேண்டும்.
புத்தி சொல்லக் கூடாது.
கண்முன் இருப்பதைச் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும்,
அது கடந்து போகும்வரை.

ஒரு நாள் விடிகாலை மூன்று மணி.
"குசினியில நிக்கிறேன்.
கையெட்டுற தூரத்துல தீப்பெட்டி. பேசு."
என் கண்முன் எடைச்சீட்டுகள்தான் இருந்தன.
வாசித்தேன்.
பதினொன்று புள்ளி நாலு டன்.
ஒன்பது புள்ளி எட்டு.
பன்னிரண்டு, சரியாக.
மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு, "ம். அடுத்தது?"
நாற்பது லோரி அன்றிரவு
அக்காவின் அடுப்படி வழியாகப் போனது.

குணாளன் ஐம்பத்தெட்டாம் நாள் விழுந்தான்.
பெரிய காரணம் ஏதுமில்லை.
மழை. சகதியில் புதைந்த டிராக்டர்.
கூடச் சேர்ந்து தள்ளிய வங்காளதேசத்துப் பையன்
நனையாமல் காத்துவைத்த ஒன்றை
அன்பாக நீட்டினான்.
மறுக்கத் தெரிந்தவனுக்கும்
அன்பை மறுக்கத் தெரியவில்லை.

இரண்டு வாரம் போன் எடுக்கவில்லை.
மூவரும் அவன் வீட்டுக்குப் போனோம்.
கதவு திறக்குமுன்னே வாடை வந்துவிட்டது.
பொய் சொல்ல மாட்டேன்,
எனக்கு அது இனித்தது.
அவன் சட்டைக்கு அருகில்
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றேன்.

கியோங் ஒட்டுக்கடைக் கச்சானைப் பிரித்தான்.
மழை பற்றிப் பேசினோம்,
டயர் விலை பற்றிப் பேசினோம்.
புறப்படும்போது அக்கா கேட்டாள்:
"இன்னைக்கு எத்தனை?"
"ஏழு."
"நேத்து?"
"பதினொன்னு."
"கச்சான் தோலைக் கூட்டிப் போட்டுடு" என்று
செருப்பை மாட்டிக்கொண்டாள்.

போன செவ்வாய், இரவு வேலை.
போன் அடித்தது. பேச்சில்லை.
தூரத்தில் ஒரு நாய்,
பிறகு அவன் குரல்:
"டேய், ஆலை இன்னைக்கு நாறுதா?"
கூண்டின் சன்னலைத் தள்ளித் திறந்தேன்.
"நாறுது."
"ரொம்பவா?"
"கண்ணு எரியுது."
"எனக்கு இன்னும் வரலடா. நாலு நாளாச்சு."

வரும் என்று சொல்ல வாய் வந்தது.
சொல்லக் கூடாது.
லோரி ஒன்று முனகி மேடையேறி நின்றது.
முள் ஆடி அடங்கும்வரை இருவரும் காத்திருந்தோம்.
"பத்து புள்ளி ஆறு" என்றேன்.
"ம்" என்றான்.