காலியான வரிசை

மார்ச்சில் என் சேணத்தையும் கருவிப்பெட்டியையும்
வாசலுக்கு வெளியே வைத்துவிட்டாள் வெர்லீன்.
எங்கள் மேட்டில் வீடு பெண்ணுடையது.
வழக்கு இல்லை, கையெழுத்து இல்லை,
சேணம் வெளியே வந்தால் வந்ததுதான்.

எடுக்கப் போனது ஆகஸ்டில்.
ஏழு வாரம் ஏமாற்றிய மழையும்
அன்றைக்கே வந்து தொலைத்தது.
வண்டியின் பின்சக்கரங்கள்
களிமண்ணில் அச்சுவரை இறங்கின.

"எல்டன் டிராக்டரோடு வர ஒரு மணி நேரமாகும்."
உள்ளே வா என்று சொல்லவில்லை.
கதவுக்கு முட்டாய்க் கிடந்த மணற்கல்லைக்
காலால் தள்ளி இறவாரத்தின் கீழ் கொண்டுவந்தாள்.
ஆணியால் கீறிய சதுரம், கட்டங்கள்,
மூலைக்கு மூலை ஓடும் கோடுகள்.

அவளுக்கு நீலச் சோளம், எனக்கு வெள்ளை.
ஆளுக்குப் பன்னிரண்டு.
நடுவில் மட்டும் ஒரு காலியிடம்.

"யார் முதலில்?"
"நீதானே எப்போதும் முதலில் கிளம்புகிறவன்."

கிளம்பினேன்.
தாண்டி எடுத்தாள். எடுத்தேன்.
ஒரே பாய்ச்சலில் இரண்டை எடுத்துவிட்டு
பீச் மரத்தில் பாதி பட்டுப்போனதைச் சொன்னாள்,
ஏதோ அதுவும் என் காய் என்பது போல.

ஓர வரிசை ஒன்று காலியானால்
அது முடிந்தது. திரும்ப யாரும்
அதில் கால்வைக்கக் கூடாது.
எனக்குத் தெரியாததா?
ஆனாலும் நெருக்கடி வந்தபோது
கை தானாக அந்தப் பழைய ஓரத்துக்குப் போயிற்று.
ஈரவிரல் ஒன்றை அங்கே வைத்தாள்.
"இந்தப் பக்கம் இல்லை, டெல்மர்."

பிறகு மேல் வரிசை போனது. இடப்பக்கம் போனது.
பலகை உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி,
அவளுக்கு மூன்று, எனக்கு இரண்டு,
எங்கு நகர்த்தினாலும் அவள் விரலில் இடிக்காமல்
நகர்த்த முடியவில்லை.
சாரல் முதுகில் அடித்தது.
நான் தள்ளி உட்காரவில்லை. அவளும்தான்.

டிராக்டர் சத்தம் கேட்டதும்
நீலமும் வெள்ளையுமாய் அள்ளி
ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.
யார் ஜெயித்தது என்று நான் கேட்கவில்லை.
எண்ணத் தெரியாதவனா நான்.

சேணம் சுவரோரம் இருந்தது,
தார்ப்பாய் சுற்றி, கயிற்றால் இறுக்கி.
ஐந்து மாத வெயில், காற்று, இப்போது இந்த மழை,
தோலில் ஒரு துளி ஈரமில்லை.
இரட்டை முடிச்சு. அவள் போடும் முடிச்சு.

அவிழ்க்க அவ்வளவு நேரம் ஆகாதுதான்.
எல்டன் எஞ்சினை அணைத்துவிட்டு
தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டான்.