போக்கா

நெல்லூர்ப் பக்கத்துக் குட்டையில புடிச்சது
தெர்மாகோல் பெட்டியில காட்பாடி எறங்கி
காந்தி ரோட்டு சந்துக்கு வந்து சேர
காலையில ஏழு ஆவும்.
ஐசு பாதி, இறால் பாதி.
நிமாய் பாபு மெஸ்ஸுல
தலை கிள்ளி, தோடு உரிச்சு,
முதுகுல ஓடற கறுப்பு நரம்ப இழுக்கறது
என் வேலை.
கிலோவுக்கு இருபது ரூபா.

மீச ரெண்டு, ஒடம்பவிட நீளம்.
நடக்கறதுக்கு ஒரு செட்டு காலு,
நீந்தறதுக்கு வேற செட்டு.
காம்பு மேல நிக்கிற கண்ணு
செத்தப்பறமும் என்னையே பாத்துகினு கீது.
மீனுன்னா முள்ளு எங்க, செதிலு எங்கன்னு
நான் கேட்டதில்ல.
கேட்டா கூலி ஏறுமா?

கேட்டவரு தபன் பாபு.
மால்டாவுலேர்ந்து வந்தவரு.
பொண்டாட்டிய ஆஸ்பத்திரியில சேத்துட்டு
லாட்ஜ் ஜன்னல்ல லுங்கி காயப்போட்டுகினு
மூணு வாரமா ரிப்போர்ட்டுக்குக் காத்துகினு கீறாரு.
தட்டுல இறால் வுழுந்ததும்
"இது மாச் இல்ல, போக்கா"ன்னாரு.
மாச்சுன்னா மீனு, அது எனக்குத் தெரியும்.
போக்கான்னா?
டேபிள் தொடைக்கிற பையன் சொன்னான்:
பூச்சி.

அன்னிக்கு மெஸ்ஸே ரெண்டாச்சு.
தண்ணியில தப்பி வுழுந்த கரப்பான்தான் இதுன்னு ஒரு கட்சி.
தண்ணியில கீறதெல்லாம் மீனுன்னு இன்னொரு கட்சி.
"அப்ப தவளை?"
பதில் சொல்ல வேண்டியவன் வாயில
இறால் இருந்துச்சு.
பூச்சின்னு ஆரம்பிச்ச தபன் பாபுவும்
ரெண்டாவது கப் கேட்டு வாங்குனாரு.
எல்லாம் சிரிச்சாங்க.
எனக்கு வரல.

எம் பொண்ணு மேகலா
ஒடுகத்தூர்ல மூணாவது படிக்கறப்ப
டிபன் டப்பாவுல ஈசல் வறுத்துக் குடுத்தனுப்பினேன்,
அரிசியும் வேர்க்கடலையும் கலந்து.
புத்து வாயில வெளக்கு வெச்சு, குழி தோண்டி,
நானும் அவரும் கொசுக்கடியில குந்தி
ராத்திரியெல்லாம் புடிச்சது.
டப்பா மூடி தொறந்ததும்
பொறந்துச்சு பேரு:
பூச்சித்தின்னி.
பத்தாவது முடியற வரைக்கும் அதான் கூப்புட்டாங்க.
மேகலான்னது அட்டெண்டன்ஸுக்கு மட்டும்.

இப்ப அவ ஈசல தொடமாட்டா.
மெஸ்ஸுல மிஞ்சின இறால் கொண்டுபோனா
சட்டிய வழிப்பா.
இருபது காலு கீறது சாப்பாடு.
ஆறு காலு கீறது பூச்சி.
கோட்ட எங்க போட்டாங்க,
எட்டுலயா, பத்துலயா?
இல்ல, கிலோ எழுநூறுலயா?
யாரு போட்டதுன்னு கேக்கல.
எந்தப் பக்கம் நின்னுகினு போட்டாங்க,
அத சொன்னா போதும்.

ஐப்பசியில ரெண்டாவது மழ வுட்ட ராத்திரி
பெரிய ஆர்டர், நானும் போவல.
கோட்டை அகழிப் பக்கம்லேர்ந்து வந்துதோ,
எங்கேர்ந்து வந்துதோ,
டியூப்லைட்ட மூடிகினு ஈசல்.
பருப்புல, டம்ளர்ல,
ஷிங்க் ஓரமா நான் உரிச்சுகினு இருந்த பேசின்ல.
போக்கா போக்கான்னு கத்திகினு
இறால் தட்ட வுட்டுட்டு எழுந்தாங்க எல்லாரும்.
நிமாய் பாபு லைட்ட அணைச்சாரு.

இருட்டுல என் வெரலு நிக்கல.
தோடு வந்தா ஒரு பக்கம்.
றெக்க வந்தா
வாயில.
பச்சையா, வெண்ண மாதிரி.
எத்தினி வருசம்!
எம் பொண்ணு வுட்ட அன்னிக்கே
நானும் வுட்டது.

பக்கத்துல யாரோ வந்து குந்தினாங்க.
பீடி வாசன. தபன் பாபு.
மெல்லற சத்தம் கேட்டிருக்கும்.
இன்னா துன்றன்னு அவரு பாஷையில கேட்டாரு.
"மாச்"ன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்ல.
அப்பறம் மெதுவா,
"போக்கா"ன்னு சொல்லிகினே
கைய நீட்டினாரு.
றெக்க பிச்சு ஒண்ணு வெச்சேன்.

மென்னாரு.
நல்லா கீதுன்னோ இல்லன்னோ சொல்லல.
"ரிப்போர்ட் நாளைக்கு"ன்னாரு,
தமிழுல.
இன்னொண்ணு தேடி
நான் பேசின்ல கைய வுட்டேன்.