முக்கால்

திரையில் நடப்பவனுக்கு முகம் இல்லை.
இடுப்புக்கு மேலே ஒரு நிறைப்புள்ளி,
கீழே எலும்புகள், எலும்புகளின் மேல்
சிவப்பு நூல்களாய்த் தொண்ணூற்றிரண்டு தசைகள்.
தொடை எலும்பின் நீளம் என்னுடையது.
ஆய்வகத்துக்கு ஆள் கிடைக்காத ஒரு டிசம்பரில்
என் கால்களில்தான் ஒட்டிக்கொண்டேன்
இலந்தைக்காய் அளவு வெள்ளி உருண்டைகளை,
எட்டு கேமராக்களுக்கு நடுவே நடந்தேன்.
பிறகு 1.14 ஆல் பெருக்கி
வசில் ஹ்ரின்சுக்கின் கால் என்று பெயரிட்டுச் சேமித்தேன்.

அவருக்கு இது தெரியாது.

எட்மன்டன். ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
இருபத்தாறு ஆண்டுகள் நகரசபையின்
பனி தள்ளும் வண்டியை ஓட்டியவர்
சக்கர நாற்காலியில் வருகிறார்,
சக்கரங்களில் சாலை உப்போடு.
பக்கவாதம் இடப்பக்கத்தை எடுத்துக்கொண்டது அக்டோபரில்,
முதல் பனி விழ நான்கு நாள் இருக்கும்போது.
அந்த நான்கு நாளைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்,
விடுப்பில் யாரோ கழித்துக்கொண்டதுபோல.

வெளிக்கூட்டை மாட்டப் பதினொரு நிமிடம்.
முழங்காலுக்கு ஒரு மோட்டார், இடுப்புக்கு ஒன்று.
டெனிஸ் குனிந்து பட்டைகளை இறுக்கும்போதெல்லாம்
"குதிரைக்குச் சேணமா?" என்பார்.

என் கணக்கு சுத்தமானது:
முழங்காலை நீட்டும் விசையில்
முக்கால் மோட்டாருக்கு,
கால் காலுக்கு.
(இதில் எனக்கு வந்த சிரிப்பை
இந்த ஊரில் யாருக்கும் விளக்க முடியவில்லை.)

மூன்று வாரம் அப்படித்தான் நடந்தார்.
வளைவுகள் பாடப்புத்தகம்போல் ஏறி இறங்கின.
பார்க்க வந்த மருத்துவர்கள் தலையாட்டினார்கள்.
ஆனால் தோலில் ஒட்டிய மின்முனைகள்
தொடையிலிருந்து கொண்டுவந்ததெல்லாம்
ஒரு தட்டைக் கோடு.
மாதிரியோ, உழைக்கிறார் என்றது.
சிவப்பு நூல் திரையில் புடைத்துப் புடைத்து மின்னியது.

முதலில் மின்முனையைச் சந்தேகித்தேன்.
பிறகு கம்பியை. பிறகு தசைநாணின் நீளத்தை.
இரவு ஒன்றரை மணிக்கு
நிரலின் நானூற்றுப் பதினேழாம் வரியை.
அவரை மட்டும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கேட்டேன்.
நடக்கும்போது தொடையை என்ன செய்கிறீர்கள்?
"ஒன்றும் செய்வதில்லையே" என்றார், நல்ல பிள்ளையாக.
"கத்தியை இறக்கியாயிற்று என்றால்
எஞ்சின் தள்ளட்டும்.
நடுவில் நீ புகுந்தால்
வண்டியும் கெடும், ரோடும் கெடும்.
புதுப் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்."

மாதிரியில் தொண்ணூற்றிரண்டு தசைகள் உண்டு.
குறைந்த களைப்பில் நடக்க வழி தேடும் சமன்பாடு உண்டு.
ஒதுங்கி நிற்கும் ஒரு மரியாதைக்கு
மாறி எதுவும் நான் வைத்திருக்கவில்லை.

அன்று மாலை எண்களை இடம் மாற்றினேன்.
கால் மோட்டாருக்கு.
முக்கால் காலுக்கு.
அதையும் உடனே கொடுத்துவிடாதே,
கால் நொடி தாமதி, என்று எழுதினேன்.
உதவிக்குச் சோம்பல் பழக்கியது
எனக்கு அதுவே முதல் முறை.

வெள்ளிக்கிழமை
மூன்றாம் அடியில் முழங்கால் மடங்கியது.
கூரையிலிருந்து தொங்கும் பட்டை தாங்கிக்கொண்டது.
வசில் உக்ரைனிய மொழியில் ஏதோ சொன்னார்.
டெனிஸ் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

"உன் மெஷின் தூங்குகிறது."
ஆமாம் என்றேன்.
"பழுதா?"
இல்லை.

வெகுநேரம் என்னைப் பார்த்தார்.
பிறகு பக்கக் கம்பியிலிருந்து கையை எடுத்துத்
தன் தொடையை ஒருமுறை அறைந்தார்,
ஸ்டார்ட் ஆகாத வண்டியின் பானட்டை அறைவதுபோல.

நான்காம் அடி.
கோட்டில் ஒரு சிலிர்ப்பு. எறும்பு ஊர்ந்த அளவு.
ஐந்தில் இல்லை.
ஆறில் இருந்தது.
ஒன்பதில் அவர் மேலுதட்டில் வியர்வை.

கோப்பைத் திறந்து 1.14 ஐ அழித்தேன்.
அந்த நடுக்கம் என் கால் பெருகி வந்ததில்லை.
திங்களன்று அவரையே அளக்க வேண்டும்,
உருண்டை உருண்டையாய், முதலிலிருந்து.

ஜன்னலுக்கு வெளியே, எண்பத்திரண்டாம் அவென்யூவில்
ஒரு பனிவண்டி போயிற்று.
நாங்கள் எட்டிப் பார்க்குமுன்
சத்தத்திலேயே கண்டுபிடித்தார் வசில்:
"கேள், சும்மா ஓட்டிக்கொண்டு போகிறான்.
கத்தி தரையில் படவே இல்லை."